காரைமேட்டில் மூன்று பேர்

சைதாப்பேட்டை,
12-6-1960

திருமதி பாஞ்சாலி அவர்களுக்கு,

பென்னலூர் நடேசன் எழுதிக்கொள்வது. காரைமேட்டுக்குத் தபால்காரர் போவதில்லை என்றும், ஒரகடம் ரோட்டில் முனிரத்தினம் டீக்கடைக்கு அனுப்பினால் சேர்ந்துவிடும் என்றும் விசாரித்து அறிந்தேன். சேரும் என்று நம்புகிறேன்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் செங்கற்பட்டு ஜில்லா பூகோளம் எழுதும் பொறுப்பை ஒரு பதிப்பகத்தார் என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். தாலுகாவுக்கு ஒரு பாடம். மற்ற தாலுகாக்களை முடித்துவிட்டேன். நம்முடைய ஸ்ரீபெரும்புதூர் தாலுகா மட்டும் பாக்கி. பென்னலூர்ப் பக்கம் எனக்குத் தெரியும். ஒரகடத்தை ஒட்டிய குன்றுப் பகுதி தெரியாது. ஆகவே உங்கள் ஊரைப் பற்றி எல்லைகள், மலை, நீர்நிலை, மண், பயிர், தொழில், சரித்திரம், மக்கள் தொகை என்ற தலைப்புகளில் சில வரிகள் எழுதி அனுப்பினால் உதவியாக இருக்கும்.

பதிலுக்கு ஸ்டாம்பு ஒட்டிய கவர் வைத்திருக்கிறேன். அவசரம் இல்லை. ஆனால் சீக்கிரம் கிடைத்தால் நல்லது.

இப்படிக்கு,
ப. நடேசன், பி.ஏ., பி.டி.


காரைமேடு,
3-7-1960

உயர்திரு நடேசன் பி.ஏ., பி.டி. அவர்கள் சமூகத்துக்கு,

தங்கள் கடிதம் முனிரத்தினம் கடையில் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் பத்து நாள் இருந்து என் கைக்கு வந்தது. எறும்பு மொய்த்திருந்தது. கடிதத்தில் இனிப்பு ஒன்றும் இல்லை என்று அதுகளுக்கு யார் சொல்வது.

ஒன்பது வருஷம் கழித்து அண்ணன் தங்கைக்குக் கடிதம் எழுதினால் அதில் என்னென்ன இருக்கும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். மண்ணின் வகையைக் கேட்டு எழுதுவார் என்று மட்டும் தோன்றவில்லை. கேட்டுவிட்டீர்கள். எட்டாவது வரை படித்தவள், கேட்ட கேள்விக்குப் பதில் எழுதத் தெரியும்.

எல்லைகள்: கிழக்கே ஒரகடம் ரோடு. மேற்கே சவுக்குத் தோப்பு. தெற்கே குன்று. வடக்கே முள்ளுக்காடு. முள்ளுக்காட்டைத் தாண்டி ஏழெட்டு மைலில் பென்னலூர் என்று ஓர் ஊர் இருக்கிறதாம். அது எங்களுக்கு எல்லையா இல்லையா என்று அந்த ஊர்க்காரர்களைத்தான் கேட்க வேண்டும்.

மலை: பாதி இருக்கிறது. மீதியை உடைத்து லாரியில் ஏற்றி மதராசுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். உங்கள் தெருவில் கொட்டிய ஜல்லி எங்கள் மலையாகவே இருக்கலாம். செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பாருங்கள்.

நீர்நிலை: கல் எடுத்த பள்ளத்தில் ஊற்றுக் கிளம்பி நிறைந்துவிட்டது. பச்சையாக இருக்கும். ஆழம் தெரியாது. வீட்டுப் பக்கத்தில் ஒரு கிணறு, அதன் தண்ணீர் நன்றாக இருக்கும்.

மண்: சிவப்பு. பயிர்: நான் போடுகிற கத்திரியும் முளைக்கீரையும். தொழில்: முன்பு கல் உடைப்பு.

மக்கள் தொகை: இதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஜனக்கணக்கு எழுதுவதில் தங்களுக்குத்தான் பழக்கம். ஐம்பத்தொன்றில் நம் தெருவுக்கு நீங்கள்தான் கணக்கெடுத்தீர்கள். எழுதும்போது பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். ஆகவே நீங்களே நிரப்பிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
பாஞ்சாலி, காரைமேடு


சைதாப்பேட்டை,
20-7-1960

பாஞ்சாலிக்கு,

கடிதம் கிடைத்தது. தகவல்கள் பயன்படும். செருப்பைக் கழற்றி நடக்க வேண்டியதில்லை. எங்கள் தெருவில் இன்னும் தார் போடவில்லை. செருப்போடு நடந்தாலே குத்துகிறது.

ஐம்பத்தொன்று பற்றி எழுதியிருந்தாய். அதற்கு விதி இருக்கிறது. வீட்டை விட்டுப் போகிறவர்களை அந்த வீட்டில் எழுதக் கூடாது. நீ போவது என்று முடிவாகியிருந்தது. ஒரு கணக்கெடுப்பாளன் சொந்த வீடு, அடுத்த வீடு என்று பார்க்க முடியாது.

மக்கள் தொகையை நீ எழுதவில்லை. பாடத்தில் ஒரு தாலுகாவின் மிகப் பெரிய ஏரி, மிகப் பெரிய ஊர், மிகச் சிறிய ஊர் என்று சொன்னால் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள். பெரிய ஊர் எது என்று எனக்குத் தெரியும். சிறிய ஊருக்குக் காரைமேடு பொருந்துமோ என்று பார்க்கிறேன். குவாரிக்காரர்கள் இருபது குடும்பமாவது இருக்க மாட்டார்களா?

சரித்திரம் என்ற தலைப்பையும் விட்டுவிட்டாய்.

வீட்டில் அவர் சௌக்கியமா?

நடேசன்


காரைமேடு,
14-8-1960

அண்ணனுக்கு,

மக்கள் தொகை: இரண்டு.

சரித்திரம் கேட்டீர்கள். எழுதுகிறேன். குன்றடியில் வட்டம் வட்டமாகக் கல் நட்டு வைத்த பழைய புதைகுழிகள் இருக்கின்றன. யார் நட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதற்குப் பிறகு ரொம்ப நாள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு கான்டிராக்டர் வந்தார், இருபது குடும்பம் வந்தது, மலை உடைந்தது. பள்ளத்தில் தண்ணீர் மேலே வந்ததும் கான்டிராக்டர் வாலாஜாபாத் பக்கம் வேறு குன்றைப் பிடித்தார். அத்தனை பேரும் லாரியில் ஏறிப் போய்விட்டார்கள். குடிசைகளின் ஓலையைக்கூட விடவில்லை. ஒரு வீடு மட்டும் போகவில்லை. இதுதான் காரைமேட்டுச் சரித்திரம்.

வீட்டில் அவர் சௌக்கியமா என்று கேட்டீர்கள். அவருக்கு யாக்கோபு என்று ஒரு பெயர் இருக்கிறது. எழுதினால் பேனா உடைந்துவிடாது. ஐம்பத்தெட்டு ஐப்பசியில், வைத்த வெடி வெடிக்கவில்லையே என்று பார்க்கப் போனார். அப்போது வெடித்தது. கல்வட்டத்துக்குப் பக்கத்தில் சிலுவை போட்டு வைத்திருக்கிறேன். அம்மா செத்த சேதி எனக்குச் சந்தையில் மூன்றாம் நாள் கிடைத்தது. இந்தச் சேதி உங்களுக்கு இரண்டாம் வருஷம் கிடைக்கிறது. இதிலும் நீங்கள்தான் மூத்தவர்.

இன்னொன்று. விதி என்று எழுதியிருந்தீர்கள். நன்றாக ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். நான் யாக்கோபைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று சொல்லி ஒரு வாரம் ஆகியிருந்தது. யாரும் என்னோடு பேசவில்லை. அன்று மத்தியானம் கூடத்தில் உட்கார்ந்து நம் வீட்டை எழுதினீர்கள். அம்மா, சித்தப்பா, நீங்கள், கனகம் அண்ணி. நான் உங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். குடித்தீர்கள். நாலு பேர் என்று எழுதி மூடிவிட்டீர்கள். அதுவரை நான் போவதா வேண்டாமா என்று குழம்பிக்கொண்டுதான் இருந்தேன். அம்மாவை விட்டுப் போக மனசு வரவில்லை. நான் போனதால் நீங்கள் எழுதாமல் விடவில்லை, அண்ணா. நீங்கள் எழுதாமல் விட்டதால் நான் போனேன்.

இரண்டு பேரில் ஒருத்தி நான். இன்னொருத்தி என் மகள். ஏழு வயது ஆகப்போகிறது. ஒரகடம் பள்ளிக்கூடத்தில் ஒன்றாவது படிக்கிறாள். பெயர் தாயாரம்மாள்.

பாஞ்சாலி


சைதாப்பேட்டை,
30-8-1960

பாஞ்சாலிக்கு,

யாக்கோபு விஷயம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வந்திருப்பேன் என்று எழுதத் தொடங்கினேன். வந்திருப்பேனா என்று நிச்சயமாகத் தெரியவில்லை. அதனால் அடித்துவிட்டேன்.

பெண்ணுக்கு அம்மா பெயரை வைத்திருக்கிறாய். அந்த வரி வந்ததும் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டேன். கனகம் யார் கடிதம் என்று கேட்டாள். பூகோளப் புத்தக விஷயம் என்றேன்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. உனக்குத் தெரிந்திருக்கலாம்.

யாரும் இல்லாத இடத்தில் நீ ஏன் இருக்கிறாய்? ஸ்ரீபெரும்புதூரில் ஓர் அறை பார்த்துக்கொண்டு இருக்கக் கூடாதா? மழைக்காலம் வருகிறது. குழந்தை யார் சாயல்?

நடேசன்


காரைமேடு,
4-12-1960

அண்ணனுக்கு,

மழை வந்து போய்விட்டது. கூரையில் ஒரு பக்கம் சரிந்தது, நானே ஏறிக் கட்டினேன். கத்திரிச் செடி அழுகிவிட்டது. கீரை தப்பியது.

ஏன் இருக்கிறாய் என்று கேட்டாய். (நீங்கள் நீங்கள் என்று எழுதி எனக்குக் கை வலிக்கிறது. இனிமேல் நீதான்.) ஸ்ரீபெரும்புதூரில் இருந்து பார்த்தேன், இவர் போன புதிதில். கோயில் தெருவுக்குப் பின்னால் ஓர் அறை. நம் பக்கத்து ஜனங்கள் சந்தைக்கு வரும்போதெல்லாம் என்னைப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி போவார்கள். சித்தப்பா ஒருநாள் காய்கறி விற்றுக்கொண்டிருந்த என்னிடமே வந்து வெண்டைக்காய் விலை கேட்டார். குரலை அடையாளம் கண்டதும் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அடுத்த கடைக்குப் போய்விட்டார். இங்கே அந்தத் தொல்லை இல்லை. பார்க்காமல் போவதற்கு ஆளே கிடையாது. கிணறு யாக்கோபு வெட்டியது. போக மனசும் இல்லை.

ஆனாலும் சொல்கிறேன். பொழுது போனால் இந்த ஊர் ரொம்பப் பெரிதாகிவிடுகிறது. தாயாரு பள்ளிக்கூடம் போன பிறகு எனக்குப் பேச யாரும் இல்லை. ஒருநாள் என் குரலைக் கேட்க வேண்டும் போலிருந்தது. உன் பூகோளக் கடிதத்தை எடுத்து உரக்கப் படித்தேன். எல்லைகள், மலை, நீர்நிலை என்று. பள்ளத்திலிருந்து எதிரொலி வந்தது.

குழந்தை அவர் சாயல். வாய் மட்டும் அம்மா வாய். இன்னும் காது குத்தவில்லை. பள்ளிக்கூடத்தில் பையன் பையன் என்று கேலி செய்கிறார்கள். மாதாகோயில் ஐயர், அதெல்லாம் நமக்கு அவசியம் இல்லை, குத்துவதானால் யாராவது பிடித்துக்கொண்டு குத்திவிடலாம் என்றார். எனக்கு அப்படிக் குத்த இஷ்டம் இல்லை. நான் எந்த வேதத்துக்குப் போனால் என்ன, அவளுக்கு மாமன் ஒருத்தன்தானே. மாமன் மடியில் உட்கார்த்தித்தான் குத்த வேண்டும்.

"உனக்கு மாமா மெட்ராஸ்ல கீறாரு, வருவாரு" என்று சொல்லித்தான் வளர்த்திருக்கிறேன். "எப்ப வருவாரு?" என்று கேட்பாள். அதற்குப் பதில் உன்னிடம்தான் இருக்கிறது.

எனக்காக வர வேண்டாம். ஒரு நாள் வந்து, அவளை மடியில் வைத்துக்கொண்டு, காது குத்தினதும் போய்விடு. இதற்கு மேல் உன்னை ஒன்றும் கேட்க மாட்டேன்.

பாஞ்சாலி


சைதாப்பேட்டை,
20-1-1961

தங்கச்சிக்கு,

ஒன்றரை மாதம் பதில் போடாததற்குக் காரணம் ஒன்றும் இல்லை. தினமும் எழுத உட்கார்வேன்.

வருகிறேன். மாசி மாதம், பிப்ரவரி பத்தொன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. காலை பஸ்ஸில் ஸ்ரீபெரும்புதூர் வந்து அங்கிருந்து ஒரகடம் வந்துவிடுவேன். ஆசாரிக்கு நீ சொல்லி வை. சிவப்புக்கல் கம்மல் ஒரு ஜோடி வாங்கியிருக்கிறேன். வீட்டில் வைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் என் மேஜை இழுப்பறையில், சாக்பீஸ் டப்பாவில் இருக்கிறது. வகுப்பு நடக்கும்போது நடுவில் திறந்து பார்த்துக்கொள்கிறேன். பிள்ளைகள் என்னவோ நினைத்துக்கொள்கிறார்கள்.

தாயாருவிடம் சொல்லலாம்.

நடேசன்


சைதாப்பேட்டை,
25-2-1961

தங்கச்சிக்கு,

கோபமாக இருப்பாய். நியாயம்தான்.

இந்த வருஷமும் ஜனக்கணக்கு வேலைக்கு ஆசிரியர்களைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு இங்கே இரண்டு தெரு. ஞாயிற்றுக்கிழமைதான் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள், அன்றுதான் எழுத வேண்டும் என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். இன்னொரு ஆசிரியரைக் கேட்டிருந்தால் எனக்குப் பதிலாகப் போயிருப்பார். நான் கேட்கவில்லை. முதல் நாள் சாயங்காலம் கனகத்திடம் விஷயத்தைச் சொல்லிப் பார்த்தேன். அவள் கத்தவில்லை. "பென்னலூர்ல தெரிஞ்சா நம்ம வூட்டு நல்லது கெட்டதுக்கு யாரு வருவாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஊரார் வீட்டு வாசலில் நின்று, உங்கள் வீட்டில் எத்தனை பேர், அவர் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டுக்கொண்டிருந்தேன். மத்தியானம் சாப்பிடவில்லை.

அடுத்த மாதம் கட்டாயம் பார்க்கலாம். பதில் எழுது.

நடேசன்


சைதாப்பேட்டை,
7-5-1961

தங்கச்சிக்கு,

நீ எழுதி ஐந்து மாதம் ஆகிறது. முனிரத்தினத்துக்குத் தனியாக ஒரு கார்டு போட்டேன். "அந்தம்மா கீரை கொண்டுவருது, நல்லாதான் கீது" என்று யாரையோ விட்டு எழுதியிருந்தார்.

புத்தகம் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப் போய்விட்டது. புது ஜனத்தொகையைப் போட்டால் நல்லது என்று பதிப்பகத்தார் சொல்கிறார்கள். கணக்கெடுப்பு ஆபீசில் ரகுபதி என்று ஒரு சிநேகிதர் இருக்கிறார். அவரிடம் நம் தாலுகாவின் சிறிய குடியிருப்புகளைக் கேட்டேன். தேடி எடுத்துச் சொன்னார். காரைமேடு: வீடு ஒன்று, ஆட்கள் மூன்று.

நீ இரண்டு என்று எழுதியிருந்தாய். இதை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. உன் வாழ்க்கை உன்னுடையது. தனியாக இருக்கிறவளுக்கு ஒரு துணை வேண்டியதுதான். ஆனாலும் அண்ணன் என்ற முறையில் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். மூன்றாவது ஆள் யார்?

நடேசன்


காரைமேடு,
15-5-1961

அண்ணனுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் கிழித்து அடுப்பில் போடலாம் என்று எடுத்தேன். பிறகு, பதில் எழுதாமல் போட்டால் நீ இன்னும் என்னென்ன நினைப்பாயோ என்று வைத்துவிட்டேன்.

பிப்ரவரி பதினெட்டு, சனிக்கிழமை. மறுநாள் நீ வருகிறாய் என்று கறிக்கு மசாலா சாமான் வாங்க நான் சந்தைக்குப் போயிருந்தேன். வாலாஜாபாத் ஆசாரிக்குச் சொல்லியாயிற்று. தாயாருவுக்குப் புதுப் பாவாடை தைத்தாயிற்று. அவள் வீடு கூட்டி, எனக்கு ஒரு பாய், அவளுக்கு ஒரு பாய், உனக்கு ஒரு பாய் என்று அப்போதே விரித்துவிட்டாள். அந்த நேரம் ஒரகடம் பள்ளிக்கூடத்துத் தாண்டவராயன் வாத்தியார் ஜனக்கணக்கு எழுத வந்திருக்கிறார். அவள் வாத்தியார்தான். நான் திரும்பி வந்ததும் நடந்ததை அப்படியே ஒப்பித்தாள்.

"வூட்ல யார் யாரும்மா கீறீங்க?"

"அம்மா, நானு, மாமா."

"மாமாவா? இன்னா பேரு?"

"நடேசன். மெட்ராஸ்ல வாத்தியாரு."

"இப்ப எங்க கீறாரு?"

"வேலைக்குப் போயிருக்காரு. நாளைக்கு வந்துருவாரு. தோ, அவரு பாய்."

வாத்தியார் மூன்று பாயையும் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டு போய்விட்டார்.

நான் அப்போதே ஓடிப்போய்த் திருத்தியிருக்கலாம். விடிந்தால் வரப்போகிறவன்தானே என்று விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆசாரி வந்து, வெயில் ஏறுகிற வரைக்கும் இருந்துவிட்டுப் போனார். தாயாரு ரோட்டுக்குப் போய் நின்றாள். கடைசி பஸ்ஸும் போன பிறகு வந்து, பாவாடையைக் கழற்றி மடித்து வைத்தாள். அழவில்லை. என்னை ஒன்றும் கேட்கவும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மார்ச் முதல் வாரம் வாத்தியார் மறுபடி வந்தார். "எழுதினதுல ஏதாவது மாத்தம் உண்டா? யாராவது பொறந்தாங்களா, போனாங்களா?" என்று கேட்டார். உன் பிப்ரவரிக் கடிதம் அன்றைக்குத்தான் வந்திருந்தது. கையில் வைத்திருந்தேன். தாயாரு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உன் பெயரை அடிக்கச் சொல்ல வேண்டும். சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இருக்கிற ஆளை நாமே அடித்துவிட்டால் அவருக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். "மாத்தம் ஒண்ணும் இல்ல சார், எழுதுனபடியே இருக்கட்டும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

மூன்றாவது ஆள் யார் என்று கேட்கிறாய். மூன்றாவது ஆள் நீ.

இருந்தவளை நீ எழுதாமல் விட்டாய். வராதவனை என் மகள் எழுதி வைத்திருக்கிறாள். சர்க்கார் கணக்கில் தப்பு என்றால் நீயே திருத்திக்கொள். உனக்குத்தான் விதி தெரியுமே.

பாஞ்சாலி


சைதாப்பேட்டை,
22-5-1961

தங்கச்சிக்கு,

இருபத்தெட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். கனகத்திடம் சொல்லிவிட்டேன். முன்பும் வருகிறேன் என்றுதான் எழுதினேன். ஆகவே நான் வந்து நிற்கிற வரையில் தாயாருவிடம் சொல்ல வேண்டாம்.

நடேசன்


காரைமேடு,
10-6-1961

அண்ணனுக்கு,

காது ஆறிவிட்டது. இடது காது மட்டும் கொஞ்சம் சீழ் கோத்தது, மஞ்சள் வைத்தேன். பள்ளிக்கூடம் திறந்ததும் கம்மலைக் காட்டத் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிக்கொண்டு போகிறாள். "எங்க மாமா மடியிலதான் குத்துனாங்க" என்று முனிரத்தினம் கடையில் டீ குடிக்கிற லாரிக்காரர்களிடமெல்லாம் சொல்லியாகிவிட்டது.

ஆசாரி ஊசியை எடுத்ததும் அவளைவிட நீதான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாய். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். சிரிக்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.

நீ கல்வட்டத்துப் பக்கம் போய் அவர் சிலுவைக்கு முன்னால் நின்றதை நான் கிணற்றடியிலிருந்து பார்த்தேன். என்ன சொன்னாய் என்று கேட்க மாட்டேன். நீ சாயங்கால பஸ்ஸுக்குப் புறப்பட்டபோது ஏதோ சொல்ல வந்தாய். "பாஞ்சாலி, இன்னா சொல்றேன்னா" என்று ஆரம்பித்தாய். பஸ் வந்துவிட்டது. நீ ஏறிவிட்டாய். அது என்ன என்று இரண்டு வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். முக்கியம் இல்லையென்றால் விட்டுவிடு.

மூன்று பாயைத் தாயாரு இன்னும் சுருட்டவில்லை.

பாஞ்சாலி


சைதாப்பேட்டை,
3-6-1962

தங்கச்சிக்கு,

புத்தகம் வந்துவிட்டது. தாயாருவுக்கு ஒரு பிரதி தனியாக அனுப்பியிருக்கிறேன். அவள் இப்போது மூன்றாம் வகுப்பு. அவளுக்கு இதுதான் பாடம்.

பதினோராம் பாடம், நம் தாலுகா. ரயில் வசதி இல்லை, ஏரிப் பாசனம் உண்டு, செம்மண், நெல், வேர்க்கடலை எல்லாம் இருக்கிறது. கடைசிப் பத்தியை இங்கேயே எழுதுகிறேன்: "இத்தாலுகாவில் மிகச் சிறிய ஊர் காரைமேடு. அது குன்றின் அடியில் உள்ளது. அங்கே ஒரு வீடு உண்டு. அவ்வீட்டில் மூன்று பேர் வசிக்கிறார்கள்."

அச்சுக்குப் போகும் முன் திருத்த நினைத்தேன். இங்கே சைதாப்பேட்டையிலும் நான் எழுதப்பட்டிருக்கிறேன். ஒரே ஆள் இரண்டு இடத்தில் வருவது தப்பு. ரகுபதியிடம் சொல்லியிருந்தால் ஒரு நிமிஷ வேலை. சொல்லவில்லை. பிழை திருத்தும்போது கனகம் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். அந்த வரி வந்ததும் நிறுத்தினாள். "மூணாவது நீங்கதானே?" என்றாள். மீதியை அவள் படிக்கவில்லை. எழுந்து போய்ச் சமையல்கட்டு விளக்கை அணைத்துவிட்டாள். அன்று இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

பஸ் வந்துவிட்டதால் சொல்லாமல் விட்டது என்ன என்று போன வருஷம் கேட்டிருந்தாய். ஒரு வருஷமாகப் பதில் எழுதவில்லை. இங்கே இடம் குறைவு, பாஞ்சாலி. ஒரே அறைதான். அதைத்தான் சொல்ல வந்தேன் என்று வைத்துக்கொள்.

நடேசன்


ஒரகடம்,
15-7-1962

அண்ணனுக்கு,

மேலே ஊர்ப் பெயர் மாறியிருப்பதைப் பார்த்திருப்பாய். நானும் தாயாருவும் போன வாரம் காரைமேட்டை விட்டு வந்துவிட்டோம். கோடையில் கிணறு வற்றிவிட்டது. பள்ளத்துத் தண்ணீரைக் குடிக்க முடியாது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மத்தியானச் சோறு ஆக்குகிற வேலை காலியாக இருக்கிறது என்று தாண்டவராயன் வாத்தியார் சொன்னார். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு தாழ்வாரம் கொடுத்திருக்கிறார்கள். ஆள் நடமாட்டம் இருக்கிறது. இங்கேயும் சிலர் பார்க்காமல் போகிறார்கள். பரவாயில்லை, முதலில் பார்த்தால்தானே பார்க்காமல் போக முடியும்.

இடம் குறைவு என்று எழுதியிருந்தாய். நான் இடம் கேட்கவில்லையே, அண்ணா. வருகிறாயா என்று நீ கேட்க வேண்டும் என்றுதான் இருந்தேன். நீ கூப்பிட்டிருந்தாலும் வந்திருக்க மாட்டேன். கூப்பிட்டாய் என்று வைத்துக்கொண்டு இருந்திருப்பேன்.

உன் பாடத்தை நேற்று வகுப்பில் நடத்தினார்கள். நான் உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தேன், ஜன்னல் வழியாகக் கேட்டது. எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து கத்தினார்கள். மிகச் சிறிய ஊர் காரைமேடு. அங்கே ஒரு வீடு உண்டு. அவ்வீட்டில் மூன்று பேர் வசிக்கிறார்கள். வாத்தியார் என்ன நினைத்தாரோ, தாயாருவை எழுப்பி, "யார் அந்த மூணு பேரு, சொல்லு" என்றார். "அம்மா, நானு, மாமா" என்றாள், அன்றைக்குச் சொன்ன மாதிரியே. "நீங்கதான் இங்க வந்துட்டீங்களே, அங்க யாரு கீறாங்க?" என்று ஒரு பையன் கேட்டான். அவள் கம்மலைத் தொட்டுக்கொண்டு நின்றாள்.

வரும்போது நான் வீட்டைப் பூட்டவில்லை. எடுக்க ஒன்றும் இல்லை. மூன்றாவது பாயைத் தாயாரு கொண்டுவர விடவில்லை. மாமா வந்தால் படுக்க வேண்டாமா என்று அங்கேயே விரித்துவிட்டு வந்திருக்கிறாள்.

காரைமேட்டில் இப்போது யாரும் இல்லை. புத்தகத்தில் மட்டும் இருக்கிறோம். ஜில்லா முழுக்கப் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறார்கள். அடுத்த பதிப்புப் போடும்போது தப்பைத் திருத்தச் சொல்வார்கள். நீ திருத்திவிடாதே. அந்த வீட்டிலாவது நாம் மூன்று பேரும் சேர்ந்து இருந்துவிட்டுப் போகிறோம்.

உன் தங்கை,
பாஞ்சாலி